மித்வல்லி வீட்டுக்கு வந்த விருந்தாளி

மித்வல்லிக்குக் காலையிலிருந்தே முழங்கால் இரண்டும் விண் விண்ணென்று தெறித்தன. எகிப்தில், தஹ்ஷூரின் சிவப்புப் பிரமிடில், பாதி உயரத்தில் இருக்கிற வாசலில் உட்கார்ந்து டிக்கெட் பார்ப்பது அவர் வேலை. படியேறி வருகிற வெளிநாட்டுக்காரர்கள் மூச்சிரைக்க நின்று படம் பிடிப்பார்கள், குனிந்து உள்ளே இறங்குவார்கள், முகம் சிவந்து வெளியே வருவார்கள். அவர்களுக்கு அது ஒரு நாள் கூத்து. இவருக்கு அதுதான் பிழைப்பு.

அன்று பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் மகள் வஃபாவைப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பெண்ணின் தகப்பனும் மாப்பிள்ளையின் பெரியப்பாவும் கையோடு கை கோத்து, குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா ஓதினால் போதும், நிச்சயம் ஆனமாதிரி. ஆனால் அதற்குத் தகப்பன் கை வேண்டுமே! போன மாதம் அவர்கள் வந்தபோது கடைசி நேரத்தில் ஒரு பஸ் நிறையக் கூட்டம் வந்து மித்வல்லியைப் பிடித்துவைத்துக்கொண்டது. காத்திருந்து சலித்த பெரியப்பா ஹாஜ் ரிஸ்க், வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்: "இன்னொரு தடவையும் தகப்பன் வீட்ல இல்லன்னா, பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னு எடுத்துக்குவோம்."

மூடும் நேரம் ஆயிற்று. கீழேயிருந்து இன்னொரு காவலாளி பயூமி கத்தினான்.

"அண்ணே! பூட்டிட்டு இறங்குங்க. சம்பந்தி வந்துருவாரு!"

"எப்படிடா பூட்டறது? உள்ள போன கிழவர் இன்னும் வரல."

"இடம் பிடிச்சுப்போய் அங்கேயே குடியேறிட்டாரோ என்னமோ!"

மித்வல்லி சுரங்கத்துக்குள் குரல் கொடுத்துப் பார்த்தார். 'யா ரப்' என்று இறைவனை அழைத்து முனகியபடி, பின்பக்கமாகத் திரும்பி, மரச்சட்டங்களில் கால் வைத்து இறங்கினார். கழுதைக் கொட்டில்போல மூக்கைத் துளைக்கிற அந்த வாடை எதிரே வந்தது. அடியில், சுவரில் சாய்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் கிழவர். பெயர் லாஸ்லோ, ஹங்கேரிக்காரர். அரபு மொழியைப் புத்தகத்தில் படித்தவர். செய்தி வாசிப்பதுபோலப் பேசினார்.

"நண்பரே, என் கால்கள் என்னைக் கைவிட்டன."

"என் காலு என்னைக் கைவிட்டு ரொம்ப வருசமாச்சுங்க. எந்திரிங்க, ரெண்டு பேரு காலையும் சேத்து ஒரு ஆளு கணக்கா ஏறிடுவோம்."

அவரை முன்னால் விட்டு, பின்னாலிருந்து தோளால் முட்டுக்கொடுத்து ஏற்றினார். நின்று நின்று ஏறினார்கள். மித்வல்லியின் மனசில் மகள் முகம் ஒரு பக்கம், ஹாஜ் ரிஸ்க்கின் மீசை ஒரு பக்கம். வெளியே வந்தபோது வெயில் மஞ்சளித்திருந்தது. தூரத்து ஊரில் அஸர் பாங்கு சொல்லி முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

கம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டே, பழக்க தோஷத்தில் மித்வல்லியின் வாய் சொல்லிற்று: "வாங்க, நம்ம வீட்ல ஒரு வாய் சாப்பிட்டுப் போலாம்."

இதைப் படகுக்காரன் அழைப்பு என்பார்கள். நைலில் போகிற படகுக்காரன் கரையில் நிற்பவனைச் சாப்பிடக் கூப்பிடுவான். படகும் நிற்காது, கரையில் நிற்பவனும் நீந்தி வரமாட்டான். "அல்லாஹ் உங்களை நல்லா வைக்கட்டும்" என்று கையை நெஞ்சில் வைத்தால் மரியாதை முடிந்தது. லாஸ்லோவின் புத்தகத்தில் அந்தப் பக்கம் இல்லைபோலிருக்கிறது.

"தங்கள் அழைப்பை மகிழ்ச்சியுடன் ஏற்கிறேன். என் வாடகைக் கார் கீழே நிற்கிறது."

மித்வல்லிக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. சொன்ன அழைப்பை முழுங்க முடியுமா? சம்பந்தம் பேசுகிற இடத்துக்கு முன்பின் தெரியாத வெள்ளைக்காரனோடு போய் இறங்கவா? மறுத்துப் பேசவும் தெம்பில்லை. காரில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டு வாசலில் ஹாஜ் ரிஸ்க் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். மித்வல்லியின் மனைவி நஜிய்யா கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டாருப்பா மகராசன்!" என்று ஆரம்பித்த ரிஸ்க், பின்னால் நொண்டி வந்தவரைக் கண்டு நிறுத்தினார். "இது யாரு?"

"விருந்தாளி" என்றார் மித்வல்லி.

லாஸ்லோ கையை நெஞ்சில் வைத்தார். "என் பொருட்டே இவர் தாமதமானார். பூமிக்கடியிலிருந்து என்னைச் சுமந்து வந்தார். பிழை என்னுடையது."

விருந்தாளி உள்ளே நுழையும்போது வெளியே போகிறவனை ஊர் என்ன சொல்லும் என்று ரிஸ்க்குக்குத் தெரியும். மாட்டிய செருப்பைக் கழற்றினார். "பஸ்ஸுக்காகத் தகப்பன் வரலன்னா கோவிச்சுக்கலாம். மனுசனைத் தூக்கப் போனவனை என்னன்னு கோவிக்கிறது? உட்காருய்யா, கையக் குடு."

மித்வல்லி கையை நீட்டினார். அதில் இன்னும் கல்தூசி இருந்தது. கோத்த கைகளின்மேல் நஜிய்யா வெள்ளைத் துணியைப் போட்டாள். எல்லா உதடுகளும் முணுமுணுத்தன. 'ஆமீன்' என்றதும் பெண்களின் குலவை வீட்டைத் தூக்கிற்று. அறை வாசலில் வஃபா அழுதபடி சிரித்தாள்.

வாத்துக்கறியும் சோறும் வந்துவிட்டன. மித்வல்லி கையை எடுக்கவில்லை.

"கைய விடுய்யா சம்பந்தி, சோறு ஆறுது" என்று ரிஸ்க் குனிந்து பார்த்தார். உட்கார்ந்தபடியே, வாய் லேசாகத் திறந்திருக்க, மித்வல்லி தூங்கிப்போயிருந்தார். ரிஸ்க் சிறிது யோசித்தார். பிறகு தன் வலக்கையை மித்வல்லியின் பிடியிலேயே விட்டுவைத்து, விருந்தாளியின் பக்கம் தட்டை இடக்கையால் நகர்த்தினார்.