கிழித்தெடுத்த விடைகள்

மகள் களவாகத்தான் விடை எழுதுகிறாள் என்று நான் முடிவுகட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் சேரவேண்டும் என்று அனுமதிப் பரீட்சைக்கு அவள் நாங்கள் இருக்கும் அஜின்கோர்ட்டில் ரியூசனுக்குப் போய்க்கொண்டிருந்தாள். விஞ்ஞானப் பகுதியில் நாற்பது கேள்விக்கு நாற்பது நிமிடம். இருபத்தெட்டாவது நிமிடமே பென்சிலை வைத்துவிட்டாள். அவளுக்குத் தெரியாமல் நான் திருத்திப் பார்த்தால் முப்பத்தேழு சரி.

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள். நோட்ஸை வரிவரியாகப் பாடமாக்கியும் மருத்துவம் மயிரிழையில் தவறிப்போனது. இவளோ கேள்விக்கு மேலே இருக்கும் பந்தியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"வாசிக்காமல் என்னெண்டு எழுதுறாய்?"

"வாசிக்கத் தேவையில்லை அம்மா. ஆன்சர் எல்லாம் கிராஃபிலயே இருக்கு. ரீச்சர் அப்பிடித்தான் சொன்னவ."

வாசிக்காதே என்று சொல்லிக்கொடுக்கவும் ஒரு ரீச்சரா? அவரிலும் எனக்குச் சந்தேகம் வந்தது.

அடுத்த நாள் அவள் பள்ளிக்கூடம் போனதும், அவளுடைய பயிற்சிப் புத்தகத்தின் பின்னால் இருந்த விடைப் பக்கங்களைக் கிழித்தெடுத்து அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்தேன். அந்தக் கிழமை அவள் எழுதிய தாளை இரகசியமாகத் திருத்தினேன். முப்பத்தெட்டு. அத்தோடு அடங்கியிருக்கலாம். அப்படியென்றால் போனில் பார்க்கிறாள் என்று மனம் சொன்னது. அவள் குளிக்கப் போன நேரம் போனை நோண்டினேன். சிநேகிதிகளின் அரட்டையைத் தவிர ஒன்றுமில்லை.

கடைசியில் நானே ஒரு தாளை நேரம் வைத்து எழுதினேன். ஒவ்வொரு பந்தியையும் இரண்டு தரம் வாசித்தேன். நேரம் முடியும்போது இருபத்திரண்டு கேள்விதான் எழுதியிருந்தேன். அதில் ஒன்பது பிழை. ஓரிடத்தில் இரண்டு விஞ்ஞானிகள் வாதாடுகிறார்கள். இரண்டாமவரின் கருத்துப்படி விடை எது என்று கேள்வி. அவர் சொல்வதே பிழை என்பது எனக்குத் தெரியும். ஆகவே நான் படித்த சரியான விடையைப் போட்டேன்.

அதைத் திருத்திக்கொண்டிருக்கும்போது மகள் வந்துவிட்டாள். தாளை எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, அவர் என்ன சொல்லுறார் எண்டுதான் கேக்கினம். நீங்கள் நினைக்கிறதை இல்லை."

பிறகுதான் மேசையில் கிடந்த விடைப் பக்கங்களைக் கண்டாள்.

"இதை நீங்களா கிழிச்சனீங்கள்?"

"ஓம். உன்ர போனையும் பாத்தனான்." வெட்கம் பிடுங்கித் தின்றது.

"யூஸ்ட் புக்தானே. முந்தி வச்சிருந்த ஆரோ கிழிச்சிருக்கினம் எண்டு நினைச்சன்," என்றாள்.

பத்து நாளாக அந்தப் புத்தகத்தோடு இருந்தவளுக்கு என்னில் ஒரு துளி சந்தேகம் வரவில்லை.

அவள் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாள் படிக்க உட்காருமுன் போனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். வேண்டாம், கொண்டுபோ என்றேன்.

"பரவாயில்லை அம்மா, இருக்கட்டும்."

பரீட்சையும் முடிந்துவிட்டது. எப்போதும் சாத்தியே இருந்த தன் அறைக் கதவை அவள் இன்னும் சாத்துவதில்லை.