அப்பாவின் இடது காது

என் அப்பா செல்லையா இருபத்தேழு ஆண்டுகளில் அறுபத்து நான்கு ஆல்பங்களைப் பதிவு செய்தார். கடைசி ஆல்பத்தின் ஒலிகளை மிக்ஸரில் கலந்து முடித்த வாரத்தில் இறந்துபோனார். அது அவர் வேலையாக வெளிவருமா, வேறொருவர் வேலையாக வெளிவருமா என்ற கேள்வி எழுந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1959இல் மலேசியாவில் ஈஜோக்கை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். பதினேழு வயதில் தோட்டத்துக் கோயிலின் மைக் செட் அவர் பொறுப்புக்கு வந்தது. கூம்பு ஒலிபெருக்கியைக் கட்ட தோட்டத்துக் கங்காணியான மண்டோரின் மகன் மரம் ஏற மறுத்தான், அப்பா ஏறினார். அவ்வளவுதான் தேர்வு. வலது கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு, கூம்பு வேலை செய்கிறதா என்று அதன் வாயில் இடது காதை வைத்துப் பார்ப்பாராம்.

1981இல் கோலாலம்பூருக்குப் போய் ஒரு கேசட் கம்பெனியில் சேர்ந்தார். முதலில் ஒயர் சுருட்டும் வேலை. மூன்றாம் ஆண்டு மிக்ஸர் முன்னால் உட்கார்ந்தார். கம்பெனி மூடியதும் 1998இல் ஈஜோக் திரும்பி, ஒரு டயர் கடையின் மாடியில் இரண்டு அறைகளை எடுத்து ஸ்டூடியோ ஆக்கினார். கீழே நட்டு கழற்றும் மெஷின் அலறினால் பதிவு கெட்டுவிடும். மாடிப்படியில் சிவப்புத் துண்டு தொங்கினால் கையாலேயே நட்டு கழற்றுவதாக டயர் கடைக்காரர் ஒப்புக்கொண்டார். பதிலுக்கு அவருடைய மகள் கல்யாணத்துக்கு மைக் செட் இலவசம்.

ஜெராமிலிருந்து கொம்பாங் என்ற மலாய்க் கைமேளம் அடிப்பவர்கள் வந்தார்கள். செகிஞ்சான் சீனக் கோயிலிலிருந்து பாடகர்கள் வந்தார்கள். ஆனால் பெரும்பாலும் வந்தவர்கள் உருமி மேளக் குழுக்கள்.

உருமிக்கு மைக்கை எங்கே வைப்பது என்பதற்கு அப்பா டேப் வைத்து அளக்க மாட்டார். வாசிப்பவரை முழு வேகத்தில் வாசிக்கச் சொல்வார். குனிந்து இடது காதைத் தோலுக்கு அருகே கொண்டுபோய் மெல்ல நகர்த்துவார். "உக்காந்துருச்சு" என்று அவருக்குப் படும் இடத்தில் கையை நீட்டி மைக்கை வாங்கி, காது இருந்த இடத்தில் வைப்பார். பத்து நிமிடம் ஆகும்.

நான் தொழிற்சாலைகளில் இரைச்சல் அளப்பவள். அவ்வளவு நெருக்கத்தில் உருமி நூற்றுப் பத்து டெசிபல். அந்தச் சத்தத்தில் ஒரு தொழிலாளி காதுக் காப்பு இல்லாமல் நிற்கலாம் என்று விதி அனுமதிக்கும் நேரம், ஒரு நாளைக்கு ஒன்றரை நிமிடம்.

தொழிலாளர்களின் காதுகளைச் சோதிப்பதும் என் வேலைதான். ரவாங் வட்டாரத்தில் ஆண்டுக்கு எழுநூறு பேர். கருவி என் காரின் பின்பெட்டியிலேயே இருக்கிறது. ஒருவருக்கு இருபது நிமிடம் போதும்.

போன தீபாவளிக்கு அப்பா கேட்டார்: "லோகா, ஒன் மெஷின்ல என் காதையும் வெச்சுப் பாரேன். அப்பனுக்கு ஓசிதானே?"

"அடுத்த வாரம் பா."

"அடுத்த வாரம் நான் பிசி லா. உருமி புக்கிங் இருக்கு."

இருவரும் சிரித்தோம். அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பசியாறிவிட்டு எழுந்தவர் விழுந்துவிட்டார். மாரடைப்பு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் கோகிலனும் வாசுவும் வீட்டுக்கு வந்தார்கள். கோகிலன் உருமிக் குழுத் தலைவர். அந்தக் கடைசி ஆல்பம் அவர்களுடையது. வாசு ஊர் அம்மன் கோயிலில் மைக் செட் பார்ப்பவர். அம்மா தேத்தண்ணி கலக்கப் போனார்.

"உருமி தனியா, பம்பை தனியா, கொரல் தனியா இருக்குமே, அந்த ஃபைல்ங்க வேணும்மா" என்றார் கோகிலன்.

"கலந்து முடிச்சதே இருக்குண்ணே. எதுக்குத் தனித்தனியா?"

"கேஎல்ல ஒரு ஸ்டூடியோ இருக்கு. அங்க குடுத்து..." நிறுத்திவிட்டு வாசுவைப் பார்த்தார்.

"வாசு அண்ணே, நீங்க சொல்லுங்க."

"கோவிச்சிக்கக் கூடாது தங்கச்சி. செல்லையா அண்ணன் பாட்டு போடுறப்பல்லாம் நான் ட்ரிபிள ஒம்போது மணிக்குத் திருப்பிருவேன். பத்து வருசமா. இல்லன்னா காதக் கிழிச்சிரும்."

ட்ரிபிள் என்பது கூர்மையான ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் குமிழ். கடிகார முள்போலப் பன்னிரண்டில் நின்றால் உள்ளது உள்ளபடி வரும். ஒன்பதில் பாதி அமுங்கிவிடும்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"யாரு சொல்றது? ஸ்பீக்கர் முன்னுக்கு வந்து நிப்பாரு. 'எப்டிடா?'ம்பாரு. 'சூப்பர்ண்ணே'ம்போம். நெசமாவே சூப்பராத்தான் இருக்கும், திருப்பின பெறகு."

"கோயில்ல யாருக்கெல்லாம் தெரியும்?"

"பூசாரிக்கே தெரியும்."

"இந்தத் தடவ போன்லயும் வருதும்மா" என்றார் கோகிலன். "ஒவ்வொருத்தன் போன்லயும் வாசுவ உக்கார வைக்க முடியுமா லா?"

அம்மா தேநீர்த் தட்டுடன் வாசலில் நின்றிருந்தார். "சத்தத்தக் கூட்டிருவாருன்னு நான் டிவி ரிமோட்ட ஒளிச்சு வெச்சேன். நீங்க ட்ரிபிளத் திருப்பிட்டு இருந்திருக்கீங்க. நல்ல கூட்டம்டா."

அம்மா எப்போதும் அப்பாவின் வலப்பக்கத்தில்தான் உட்காருவார், நடப்பார். அதைப் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் வெள்ளிக்கிழமை, புதுப் பாட்டை முதலில் அம்மன் முன்னால் ஒலிக்கவிடுவது இந்தக் குழுக்களின் வழக்கம். அங்கே ஒலித்ததை அப்புறம் மாற்ற மாட்டார்கள். வேறு ஸ்டூடியோ கலந்தது அங்கே ஒலித்தால் அப்பாவின் கடைசி வேலை யாரும் கேட்காத ஒரு ஃபைலாகவே இருந்துவிடும். கோகிலன் சொன்னதும் தவறில்லை. கேட்டுப் பார்த்தேன்; காதைக் கிழிக்கத்தான் செய்தது.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் குடுங்கண்ணே" என்றேன்.

முதலில் வாசு செய்வதையே செய்து பார்த்தேன். ட்ரிபிளைக் குறைத்தால் கிழிசல் போனது. குரலின் தெளிவும் கூடவே போனது. கோயில் கூம்பில் அது தெரியாது. ஹெட்போனில் தெரிந்தது.

பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வழியில் போனேன். அளந்தேன். அறுபத்து நான்கு ஆல்பங்களையும் ஆண்டு வரிசையில் வைத்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு கூட்டியிருக்கிறார் என்று கணக்கெடுத்தேன். 1998இல் எதுவும் மிகையில்லை. 2008இல் நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு, ஐந்து டெசிபல். அப்பா ஹெட்போன் போட்டுக் கலப்பவர்; கடைசி ஆல்பத்தில் வலப்பக்கம் பன்னிரண்டு, இடப்பக்கம் இருபத்தொன்று.

கணக்கைக் கோடாக வரைந்து தலைகீழாகத் திருப்பினேன். மேடு குழியானது. நாலாயிரத்தில் குழி, இடது காதில் ஆழம் அதிகம். சத்தத்தால் கெட்ட காதின் சோதனைத் தாள் இப்படித்தான் இருக்கும். ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்பாவைச் சோதிக்காமலே அப்பாவின் தாள் என் கையில் இருந்தது. இருபத்தேழு ஆண்டு வரலாற்றோடு.



அப்பா காதில் குறைந்ததைக் கைகளால் கூட்டியிருக்கிறார். அப்படியானால் அவர் காதில் விழுந்தது வேறு. அந்தக் குழியை அப்படியே ஒரு வடிகட்டியாக எழுதினேன், இடப்பக்கத்துக்கு இடது காது, வலப்பக்கத்துக்கு வலது காது. அவர் கலந்து வைத்த ஃபைலை அதன் வழியாக ஓடவிட்டேன்.

உருமி உட்கார்ந்தது. பம்பை அதற்குப் பின்னால் ஓரடி தள்ளி நின்றது. குரல் இரண்டுக்கும் நடுவில், மூச்சு வாங்குவது வரைக்கும் தெளிவாக இருந்தது. அவர் எதையும் தவறாகக் கலக்கவில்லை. கூட்டிக் குறைக்க எனக்கு எதுவும் இல்லை. என் கணக்கு முழுத் துல்லியம் அல்ல. ஐந்தாம் பாட்டில் இரண்டு இடங்களில் சலங்கை இன்னும் கொஞ்சம் கூர்மையாக இருந்தது. அப்படியே விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோகிலனும் வாசுவும் ஸ்டூடியோவில் உட்கார்ந்து கேட்டார்கள். மூன்றாம் பாட்டு முடிந்ததும் கோகிலன் என் பக்கம் திரும்பினார்.

"இது அண்ணன் மிக்ஸா, ஒன்னோடதா?"

"அவருதுதான். அவரு காதுல விழுந்தது இது. நமக்குத்தான் வேற மாதிரி விழுந்துச்சு."

விளக்கினேன். வாசு பாதியில் எழுந்து சன்னல் பக்கம் போய்விட்டார். "பத்து வருசமா அவரு முன்னாடியே நின்னு திருப்பிருக்கேன் தங்கச்சி. அவரு ஒரு தடவயாச்சும் என் கையப் பாத்திருப்பாரு இல்ல?"



"அட்டையில ஒன் பேரையும் போட்டுருவோமா?" என்று கோகிலன் கேட்டார்.

"வேணாம்ணே. நான் ஒன்னும் கலக்கல."

"அப்ப கேஎல்காரன்கிட்ட வேணான்னு சொல்லிர்றேன்." வாசுவைப் பார்த்து, "ஒனக்கும் வேல போச்சுடா" என்றார்.

"பன்னெண்டுல வெச்சா போதும் வாசு அண்ணே" என்றேன். "திருப்பிறாதீங்க."

காப்புக் கட்டும் வெள்ளிக்கிழமை நாங்கள் கோயிலுக்குள் போகவில்லை. துக்க வீடு, ஒரு வருடம் போகக் கூடாது. எதிர்ச் சாலையில் காரை நிறுத்திவிட்டு வெளியே நின்றோம். அம்மா வந்து என் வலப்பக்கத்தில் நின்றார்.

கற்பூரம் காட்டும் மணி அடித்தது. பிறகு கூம்பில் உருமி இறங்கியது. நான்கு அடி சரியாக இருந்தது. ஐந்தாவது அடியில் எல்லாம் மந்தமானது, ஈரத்துணி போட்டு மூடியதுபோல. வாசுவின் கை பழக்கத்தில் குமிழுக்குப் போயிருக்கும்.

இரண்டு நொடி எண்ணினேன். மூன்றாவதில் ஒலி மறுபடி திறந்துகொண்டது. அதன்பின் கடைசிப் பாட்டு வரைக்கும் யாரும் அதைத் தொடவில்லை.