நிறுத்தக்கூடாத இஞ்சின்

மல்லாவியில் நான் வேலைக்குப் போன மில்லில் ஒரேயொரு கட்டளைதான் இருந்தது. காலையில் ஓடத் தொடங்கிய இஞ்சினை, வரிசையில் நிற்கும் கடைசி ஆளின் அரிசி மாவாகும் வரை நிறுத்தக்கூடாது. காரணம் பெற்றோல். அது மண்ணெண்ணெயில் ஓடுகிற கிழட்டு இஞ்சின்தான், ஆனால் எழும்புவதற்கு மட்டும் அதற்குக் கொஞ்சம் பெற்றோல் காட்ட வேண்டும். போரால் வன்னிக்குப் பொருளாதாரத் தடை இருந்த அந்தக் காலத்தில் பெற்றோல் கண்ணில் ஒற்றிக்கொள்கிற சாமான். முதலாளி அதை ஒரு மருந்துப் போத்தலில் ஊற்றி, சாரத்து மடியிலேயே செருகிக்கொண்டு திரிவார். கோயிலில் ஐயர் தீர்த்தம் கொடுப்பதைப் போல, தினமும் காலையில் இஞ்சினுக்கு நாலு சொட்டு விடுவார்.

எனக்கு அப்போது பதினேழு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து கொட்டில் போட்டிருந்தோம். சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சூடான அரிசிமாவின் மணமும், வரிசையில் நிற்கிற பெண்களின் பகிடிக் கதைகளுமாகப் பொழுது நன்றாகப் போகும். வீட்டில் இருந்தால் அம்மாவின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

என்னோடு வேலை செய்தவள் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்தவள். மூன்று வயது மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிடுவேன். தகப்பனும் தமையன்மாரும் கடலில் மீன்பிடித்த குடும்பம். கரையை விட்டு வந்த பிறகு அவர்களுக்குத் தொழில் இல்லை, அவளுடைய சம்பளத்தில்தான் வீட்டில் உலை ஏறியது.

இஞ்சினுக்கும் அரைக்கிற மெசினுக்கும் நடுவே நீளமான ஒரு பெல்ற் ஓடும். பல இடங்களில் தைத்த பழைய பெல்ற் அது, அடிக்கடி கழன்று விழும். வேறு இடமென்றால் இஞ்சினை நிறுத்திவிட்டு மாட்டுவார்கள். நாங்கள் ஓட ஓட மாட்டுவோம். மெசின் பக்கத்தில் கொழுவிவிட்டு, மற்றப் பக்கத்தைச் சுழல்கிற இஞ்சின் சில்லின் விளிம்பில் கையால் தள்ளி ஏற்ற வேண்டும். ஏறிய உடனே கையை வெடுக்கென்று எடுத்துவிட வேண்டும். ஒரே தள்ளில் நான் ஏற்றிவிட்டால் வரிசையில் நிற்பவர்கள், "கெட்டிக்காரப் பிள்ளை" என்பார்கள். எனக்குத் தலைகால் தெரியாது. அக்கா மட்டும் முகத்தைச் சுளிப்பாள். பொறாமை என்று நினைத்துக்கொள்வேன்.

மிளகாய் அரைக்கிற நாட்களில் கை முழுவதும் எரியும். அதற்காக அப்பாவின் முழுக்கைச் சேட் ஒன்றைச் சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டு போவேன். தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் எல்லாரும் போடுவதுதான். எரிவுக்கு அது நல்ல பாதுகாப்பு. தொளதொளவென்ற அந்தக் கையோடு பெல்ற்றுக்குக் கிட்டப் போகக்கூடாது என்று எனக்குத் தோன்றவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

அன்றைக்கும் மிளகாய்தான். பெல்ற் கழன்றது, நான் போய்த் தள்ளினேன். பெல்ற் ஏறியது, சேட்டின் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஏறியது. இஞ்சினின் அடிக்கட்டையில் காலை உதைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தேன். கை என் சொல்லைக் கேட்காமல் சில்லை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. "அக்கா!" என்று கத்தினேன். அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மற்றப் பக்கம் ஓடினாள்.

விட்டுவிட்டு ஓடுகிறாளே என்று அந்த நேரத்திலும் எனக்குக் கோபம்தான் வந்தது. வரிசையில் நின்ற ஒரு அம்மா, "அடியே, பிள்ளையைப் பிடிக்காமல் எங்கை ஓடுறாய்?" என்று கத்தினார். அக்கா இஞ்சினைச் சுற்றிப் போய், பிளக்குக்கு மேலே இருந்த, இஞ்சினை நிறுத்துகிற தகட்டை அழுத்தினாள். இஞ்சின் விக்கி விக்கி நின்றது. அதே நேரம் சேட்டின் கை தோளடியில் கிழிந்து, நான் பின்புறமாக அரிசி மூட்டைமேல் போய் விழுந்தேன். முழங்கை வரை தோல் உரிந்து இரத்தம் வந்தது. பயந்து பயந்து விரல்களை மடக்கிப் பார்த்தேன். எல்லாம் மடங்கின.

பின்பக்கம் விறகு அடுக்கிக்கொண்டிருந்த முதலாளி ஓடிவந்தார். அவர் கண்ணில் முதலில் பட்டது நின்றுபோன இஞ்சின்தான்.

"ஆரைக் கேட்டு நிப்பாட்டினனீ? போத்திலிலை ஒரு சொட்டும் இல்லை!"

"கடலிலை கயிறு ஆளைச் சுத்தினா, ஆளைப் பிடிச்சு இழுக்கிறேல்லை அண்ணை," என்றாள் அக்கா. "முதல் இஞ்சினைத்தான் நிப்பாட்டுறது."

"இது கடலில்லை. நாளையிலை இருந்து நீ வரவேண்டாம்."

அக்காவின் முகம் வெளுத்துப்போனது. போவதற்காக, மாத்தூசிக்குக் கட்டியிருந்த தலைத்துண்டை அவிழ்த்தாள். அவள் வீட்டு உலை என் கண்ணுக்குள் வந்து நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப நானும் வரேல்லை. இனி நீங்களே பெல்ற்றைப் போடுங்கோ!" என்று இரத்தம் வழிந்த கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவர் அப்போதுதான் கையைப் பார்த்தார். பிறகு சில்லைப் பார்த்தார். கத்தியை எடுத்துக்கொண்டு போய்ச் சில்லடியில் குந்தினார். சேட்டின் கை சில்லைச் சுற்றிக் கயிறாக முறுகி இறுகிப்போயிருந்தது. வெட்டி எடுக்க நெடுநேரம் பிடித்தது. கிழிந்த துண்டுகளோடு எழும்பி வந்தார்.

"நானெண்டால் ஓடிப்போய்ப் பிள்ளையைத்தான் பிடிச்சு இழுத்திருப்பன்," என்றார் அக்காவிடம். "கையை அங்கை விட்டிட்டுத்தான் பிள்ளை வந்திருக்கும்."

பிறகு வரிசைப் பக்கம் திரும்பினார். "இண்டைக்கு அரைக்கேலாது, எங்கையாவது பெற்றோல் தேடிக்கொண்டு வாறன், நாளைக்கு வாங்கோ. இனிமேல் பெல்ற் கழண்டால் இஞ்சினை நிப்பாட்டிப்போட்டுத்தான் மாட்டுறது. பெற்றோல் போனால் போகட்டும்."

பெண்கள் தங்கள் தங்கள் பைகளைத் தூக்கிக்கொண்டார்கள்.

"நீ நாளைக்கு விடிய வெள்ளென வா, பிள்ளை," என்றார் முதலாளி, அக்காவின் முகத்தைப் பார்க்காமல்.

அதுவரைக்கும் கல்லு மாதிரி நின்றவள் அப்போதுதான் அழத் தொடங்கினாள். விம்மலுக்கு நடுவே, "நோகுதோடி?" என்று என்னைக் கேட்டாள்.

"ஓம்," என்றேன். சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.