எண்ணூறுக்கு அறுநூறு

நேற்று அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: "சார், இந்தச் சிமுலேஷன என்ன ரெசல்யூஷன்ல ரெக்கார்ட் பண்றது? பெருசாவே வச்சிடட்டுமா?" "பாக்கப்போறது யாருன்னு மொதல்ல கேளும்மா!" என்று எரிந்து விழுந்துவிட்டேன். பாவம், அவள் முகம் சுண்டிப்போனது. கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. எனக்குத்தான் ரெசல்யூஷன் என்ற சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஏன் என்று உங்களிடமாவது சொல்கிறேன்.

என் முதல் வேலை நெல்லித்தோப்பில், ஒரு ரொட்டிக்கடையின் மாடியில். மூன்று மணிக்கு ரொட்டி வேகும் வாசனை படியேறி வந்தால் ஒருத்தருக்கும் வேலை ஓடாது. என் பாடங்களில் இருந்த பிழைகளில் பாதி அந்த வாசனையால் வந்தவை என்று இன்றும் சாதிப்பேன். தொழிற்சாலைகளுக்குப் புது மென்பொருள் வந்தால் அதைப் பழக்கும் பாடங்களை நாங்கள் செய்து கொடுப்போம். திரையை அப்படியே பதிவு செய்வது; பார்ப்பவர் சரியான பட்டனை அழுத்தினால் அடுத்த படி, இல்லாவிட்டால் சிவப்புப் பெருக்கல் குறி.

முதலாளியை முசியே என்போம், பிரெஞ்சில் 'ஐயா'. பிரான்சில் இருந்துவிட்டு வந்தவர். வரும்போது ஒரு பெரிய மானிட்டரையும் கொண்டுவந்தார். அதுதான் எங்களைப் பிடித்த சனி. எண்ணூறுக்கு அறுநூறு புள்ளிகளில் பதிவு செய்தால் எந்த ஓட்டைக் கம்ப்யூட்டரிலும் முழுதாகத் தெரியும். ஆனால் அவருடைய மானிட்டரில் நடுவே சின்னதாக உட்கார்ந்திருக்கும். "என்னப்பா இது, தபால்தலையாட்டம்? பெருசா போடு." போட்டோம்.

எதற்கும் இருக்கட்டும் என்று, பாடம் கேட்டிருந்த சேதராப்பட்டுத் தொழிற்சாலைக்குப் போன் போட்டுத் திரையின் அளவைக் கேட்டேன். மேனேஜர் ஸ்கேல் வைத்து அளந்தே சொன்னார்: "பதினேழு இன்ச்சுங்க." புள்ளிக் கணக்கைக் கேட்டவனுக்கு அங்குலக் கணக்கு! விளக்கச் சோம்பல்பட்டு, பதினேழு அங்குலம் தாங்கும் என்று விட்டுவிட்டேன்.

பாடம் போய்ச் சேர்ந்த சில நாளில், அங்கே ஸ்டோர்ஸில் சரக்கு வரவைப் பதியும் விமலா என்பவர் பாடத்தின் முடிவில் வரும் தேர்வில் தவறிவிட்டார் என்று மெயில் வந்தது. பாடத்தை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள் என்று பதில் போட்டேன். மறுபடியும் அதே மெயில், அதே பதில். மூன்றாம் முறையும் தவறினால் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்களாம். நாள் முழுக்க நின்றபடி அட்டைப்பெட்டி ஒட்டவேண்டும். அப்புறம்தான் எனக்கு பஸ் ஏறத் தோன்றியது.

"பட்டனே இல்லீங்க சார்," என்றார் விமலா. உண்மைதான். அவருடைய திரை மட்டும் எண்ணூறுக்கு அறுநூறில் இருந்தது. 'சேமி' பட்டன் திரைக்குக் கீழே போய்விட்டது. இழுத்துப் பார்க்கவும் வழியில்லாமல் பாடத்தைப் பூட்டி வைத்திருந்தோம், மகா புத்திசாலிகள்.

திரையின் புள்ளிகளைக் கூட்ட மவுசைப் பிடித்தேன்; கூட்டினால் எல்லாம் சிறுத்து உள்ளே அடங்கும். அவர் குரலைத் தாழ்த்தினார். "வேணாம் சார். எழுத்து பெருசா இருந்தாதான் எனக்குத் தெரியும். கண்ணாடி மாத்திப் பாத்தாச்சு, இதுக்கு மேல ஆவாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இங்க யாருக்கும் தெரியாது."

"டெஸ்ட் முடிஞ்சதும் பழையபடி வச்சிடறேன்," என்றேன். மூக்கு திரையில் படும் அளவுக்குக் குனிந்து, அவர் தேறிவிட்டார். அதற்குள் மேனேஜர் வந்து நின்றார். "ஓ, இதான் சரியான அளவா? எல்லா சிஸ்டத்துலயும் இதையே வச்சி லாக் பண்ணிடுங்க சார்." விமலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. யாரும் மாற்ற முடியாதபடி நானே லாக் பண்ணினேன்.

அடுத்த மாதம் போனபோது அவருடைய நாற்காலியில் வேறொருவர். விமலா நம்பர்களை மாற்றி மாற்றிப் பதிந்தாராம். திரும்பும்போது பேக்கிங் ஷெட்டைக் கடந்தேன். பசை வாடைக்கு நடுவே நின்றிருந்த விமலா நிமிர்ந்து பார்த்தார். அந்தத் தூரத்தில் என் முகம் அவருக்குத் தெரியாது என்பது ஞாபகம் வர, பேசாமல் கேட்டைத் தாண்டி வந்துவிட்டேன்.

இன்று அந்த டப்பா மானிட்டர்கள் இல்லை. எழுத்து தெரியாவிட்டால் இரண்டு விரலால் விரித்துக்கொள்கிறோம், யாரிடமும் கெஞ்சாமல். தொழிற்சாலையையும் மூடிவிட்டார்கள், ஷெட் இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. விமலாவைத் தேடிப் போக எனக்குத் தெரிந்த ஒரே முகவரி அதுதான்.