பிளக்கைச் சொல்ல மறந்தவர்

ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டிகளைப் பழுது பார்ப்பவர் அவர். யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாத மனிதர். கம்பெனியில் அவருக்கு ஐஸ் அண்ணன் என்று பெயர். பாதி வேலையைப் போனிலேயே முடித்துவிடுவார். பதறியடித்துக் கூப்பிடுகிறவர்களிடம் நாலு கேள்வி கேட்பார்; கோளாறு இன்ன இடத்தில் என்று சொல்லிவிடுவார். அவருக்குப் போய்த் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்தால் உயிர் தங்கும், குரல் தங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

ரத்தமும் மருந்தும் கெட்டுக்கொண்டிருக்கிற அவசரத்தில் பேச முடியாத மெக்கானிக்கை யார் தேடப்போகிறார்கள் என்று மனிதர் இடிந்து போனார். அப்போதுதான் மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். கம்ப்யூட்டர்காரன், கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவான். மச்சான் போனில் கேட்கிற கேள்விகளையெல்லாம் கம்ப்யூட்டரையே கேட்க வைக்கலாம், அதற்கு எக்ஸ்பர்ட் சிஸ்டம் என்று பெயர் என்றான்.

அதற்குள் முக்கியமாக இரண்டு சமாசாரம். ஒன்று, இப்படி இருந்தால் அப்படி என்ற விதிகளின் குவியல். இன்னொன்று, எதிரில் இருப்பவர் சொல்லும் பதிலை அந்த விதிகளோடு பொருத்திப் பார்க்கிற பகுதி. ஒரு விதி பொருந்தினால் புதிதாக ஒரு விஷயம் தெரியவரும். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த விதிக்குப் போகும். போய்ப் போய்க் கடைசியில் கோளாறில் நிற்கும். விதிகளை மட்டும் மனிதர்தான் சொல்ல வேண்டும்.

சொல்லத்தான் அவருக்கு வரவில்லை. கை வைத்தால் தெரியும் என்பார். கைக்கு எப்படித் தெரியும் என்று மச்சினன் குடைவான். கம்ப்ரஸர் ஓடுகிறது, பின்குழாய் கொதிக்கிறது என்றால் விசிறியின் மேல் சந்தேகம். குழாய் சுடவே இல்லை என்றால் கேஸ் கசிந்திருக்கலாம். ஒவ்வொன்றாக வெளியே வர வர அவர் மலைத்துப் போனார். தன் தலைக்குள் இத்தனை ஒழுங்காக ஒருவன் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறான், தனக்கே தெரியாமல் போயிற்றே என்று ஆச்சரியம் தாங்கவில்லை.

சோதித்துப் பார்த்த அன்று மனைவி குறும்பாக வீட்டு ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அது என்னென்னவோ கேட்டுவிட்டு, கம்ப்ரஸர் செத்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றது. அவள் பிளக்கைத் தூக்கிக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"பிளக்கைப் பாக்காம யாராவது பெட்டியைத் தொடுவாங்களா? அதையுமா சொல்லணும்?"

"சொன்னாதான் அதுக்குத் தெரியும் மச்சான். நீங்க சொல்லாதது எதுவும் அதுக்கு உலகத்துலயே கிடையாது."

அந்தப் பேச்சு அவரைத் தூக்கிவாரிப் போட்டது. ஆபரேஷனுக்குப் போகும்வரை, தன் கை தன்னைக் கேட்காமலே செய்கிற காரியங்களை ஒவ்வொன்றாக யோசித்து யோசித்துச் சொன்னார். தொண்டை வலியோடு அவர் போனில் பேசுகிற மாதிரியே சொல்லச் சொல்ல, மச்சினன் அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினான்.

குரல் போய்விட்டது. அந்த சிஸ்டத்தைக் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டது. புண் ஆறியதா என்று காட்டுவதற்காக மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, ரத்த வங்கியில் ஒரே களேபரம். பெரிய குளிர்பெட்டியில் சூட்டைக் காட்டும் ஊசி சிவப்புக் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் ரத்த வங்கியின் வாசலுக்கு ஓடினார். வாயைத் திறந்தார், வெறும் காற்றுதான் வந்தது. உள்ளே ஒரு பெண் கம்ப்யூட்டர் முன்னால் நின்று, திரையில் வந்ததைச் சத்தமாகப் படித்தாள்.

"பதறாதீங்க, நான் இருக்கேன். முதல்ல பிளக்கை அழுத்திப் பாருங்க. சிரிக்காதீங்க, நானே மறந்தவன்தான்."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

பிளக் சரியாக இருந்தது. கம்ப்ரஸர் ஓடியது. பின்குழாய் சுடுகிறதா என்று கேட்டபோது, இதை ஏன் கேட்கிறது என்று அவளுக்கு எரிச்சல். ஏன் என்ற பொத்தானைத் தட்டினாள். சுட்டால் விசிறி, சுடாவிட்டால் கேஸ், அதனால்தான் என்று காரணம் வந்தது. தொட்டுப் பார்த்துக் கையை உதறினாள். விசிறியில் ஒரு பிளாஸ்டிக் உறை சிக்கி, அது சுழலாமல் நின்றிருந்தது. மின்சாரத்தை நிறுத்தி உருவி எறிந்து மறுபடி போட்டதும் விசிறி சுழன்றது. எல்லாரும் பார்த்திருக்க, ஊசி மெல்ல இறங்கத் தொடங்கியது.

அப்புறம்தான் அந்தப் பெண் வாசலைப் பார்த்தாள். கண் கலங்கி நிற்கிற மனிதரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. யார் நீங்கள், என்ன வேண்டும் என்று கேட்டாள்.

அவர் மனைவியைப் பார்த்தார்.

"இவ்வளவு நேரம் உங்ககிட்ட பேசிட்டிருந்தாரே, அவர்தான்மா இவர்" என்றாள் மனைவி.