குத்துது

ஸ்ரீமுஷ்ணம் வழித்தடத்தில் இருபத்திரண்டு வருஷம் தனியார் பஸ் ஓட்டிய கலியமூர்த்திக்குப் போன ஆடியில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் நின்றுபோயிற்று. ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள் வாயைத் திறந்தார். ஒரே சொல்தான் வந்தது.

"குத்துது."

மனைவி அமுதவள்ளி பதறிப்போனாள். "எங்கங்க குத்துது? நெஞ்சுலயா, விலாவுலயா?" என்று ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் கேட்டாள். எங்கே தொட்டாலும் "குத்துது" என்றார். ஈசிஜி எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை.

"மூளையில பேச்சுக்கான எடம் அடிபட்டிருக்குதும்மா. அவரு எதை நெனச்சாலும் வாயில இந்த ஒரு வார்த்தைதான் வருது. பேசப் பழக்கணும், நாளாகும்" என்றார் டாக்டர்.

விருத்தாசலத்து செராமிக் கம்பெனி ஒன்றில், அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறைச் சுரண்டும் வேலை அமுதவள்ளிக்கு. அவரை வீட்டுக்குக் கூட்டி வந்ததும் அந்த வேலையை அரைநாளாகக் குறைத்துக்கொண்டாள். காலை நேரத்தில் பக்கத்து வீட்டு ஜைத்தூன் பீவி வந்து அவரைப் பார்த்துக்கொண்டாள்.

அந்த ஒற்றைச் சொல்லைப் பிரித்துக் கேட்க அமுதவள்ளிக்கு இரண்டு மாதம் ஆயிற்று. வெடுக்கென்று சொன்னால், படுக்கை மடிப்போ சட்டைக் காலரோ நிஜமாகவே குத்துகிறது. இழுத்துச் சொன்னால் பசி. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னால் வேட்டி நனைந்துவிட்டது. அப்போது அவள் எதுவும் கேட்க மாட்டாள்; கதவைச் சாத்திவிட்டு வேறு வேட்டி எடுப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரோடு வேலை பார்த்த கண்டக்டர் தமிழ்மணி ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். "நம்ம வண்டிக்குப் புதுசா ஒருத்தரப் போட்டிருக்காங்கண்ணே. பரவால்ல, டயத்துக்கு எடுக்குறாரு" என்றார்.

"குத்துது" என்றார் கலியமூர்த்தி, மெதுவாக.

தமிழ்மணி தலையணையை நகர்த்த எழுந்தார். அமுதவள்ளி தடுத்தாள். "ஒடம்புல ஒண்ணுமில்ல தம்பி. வண்டிப் பேச்சு வேணாம். ஒங்க நெல்லு என்னாச்சு, அதச் சொல்லுங்க."

பொங்கலுக்கு முந்தின வாரம் கம்பெனியில் உடைந்த பீங்கான் சில்லு அவள் வலது உள்ளங்கையைக் கிழித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அவரிடம் சொல்லவில்லை. இடது கையில் ஸ்பூனைப் பிடித்து ரசஞ்சோறு ஊட்டினாள். இரண்டு வாய் வாங்கியவர் மூன்றாவதற்கு வாய் திறக்கவில்லை. நல்ல கையை நீட்டி, அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டார். ரத்தம் ஊறிய துணியை வெகுநேரம் பார்த்தார்.

"குத்துச்சா?"

ஆறு மாதத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அது. ஸ்பூன் கையிலிருக்க, அமுதவள்ளிக்குக் கண் நிறைந்து வழிந்தது. "ஆமாங்க, சில்லு குத்திடுச்சு" என்றாள். அவர் அவள் கையை விடவே இல்லை. சோறு ஆறிப்போயிற்று.

பிறகு சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. தண்ணி, போதும், வள்ளி. இப்போது முப்பது நாற்பது இருக்கும். போன வாரம், வேலையிலிருந்து வந்தவள் உடனே துணி மடிக்க நின்றதைப் பார்த்துவிட்டு, "வள்ளி, உக்காரு" என்றார். துணியை அப்படியே போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.