சுவரில் முளைத்த மலை

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையைப் பார்த்தபடி நிற்கிறது எங்கள் பழைய செங்கல் வீடு. வாசல் பக்கச் சுவரின் பூச்சு, கை வைத்தால் அப்பளம்போல உதிர்ந்துகொண்டிருந்தது. கொத்தனாரைக் கூப்பிடலாம் என்றாள் மனைவி. "எதுக்கு? நானே பூசிடுறேன்" என்றேன். கரணை பிடித்த அனுபவம் எனக்கில்லை. கரண்டி பிடித்திருக்கிறேன், அதுவும் சாப்பிடும்போது.

"பௌர்ணமிக்குள்ள சுவர் நேரா இருக்கணும். இல்லன்னா எங்கண்ணனுக்கு போன் போட்டுடுவேன்" என்றாள்.

அவள் அண்ணன் போளூரில் மேஸ்திரி. ஒருமுறை நான் ரிப்பேர் செய்த ஃபேன் பின்பக்கமாகச் சுற்றியது. அன்றிலிருந்து எந்தக் கல்யாணப் பந்தியானாலும், "மாப்ள, ஃபேன் இப்ப எந்தப் பக்கம் சுத்துது?" என்று எல்லார் காதிலும் விழக் கேட்பார். ஃபேனுக்கே இப்படி. ஒரு முழுச் சுவர் கிடைத்தால் பேரப்பிள்ளைகள் கல்யாணம் வரைக்கும் அவருக்குத் தாங்கும்.

ஆக, மானத்தைக் காப்பாற்ற இறங்கினேன். யூடியூப்பில் வெண்ணெய் தடவுவது போலத்தான் இருந்தது. சிமென்ட்டையும் எம்-சாண்டையும் குழைத்து அறைந்தேன். பாதி சுவரில் ஒட்டியது, பாதி என்மேல். என்மேல் ஒட்டியதுதான் கெட்டி. முதலில் சுவரை நனைக்கவேண்டுமாம். அது வீடியோவில் நான் தள்ளிவிட்டுப் பார்த்த பகுதியில் இருந்திருக்கிறது. சரிந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் அப்பினேன். அதுவும் சரிந்தது. மறுபடி அப்பினேன். பௌர்ணமி மதியம் பார்த்தால், சுவரின் நடுவில் அடி அகன்று, மேலே கூம்பி, பெரிய புடைப்பு.

மனைவி காபி டம்ளரோடு வந்து நிதானமாகப் பார்த்தாள். "இதுக்கு எத்தினியாவது மாசம்?" என்றாள். பிறகு போளூருக்கு போன் போட்டாள்.

சாயங்காலம் கிரிவலக் கூட்டம் வந்தது. நான் ஜன்னலுக்குப் பின்னால் பதுங்கியிருந்தேன். மஞ்சள் புடவை கட்டிய ஓர் அம்மா நின்றார். "ஏய், இங்க பாருங்கடி, அப்படியே மலை மாதிரியே கீது!" என்று சுருக்குப் பையிலிருந்து விபூதி எடுத்து என் புடைப்பில் பட்டை போட்டார். பின்னால் வந்தவர் குங்குமம் வைத்தார். யாரோ கீழே கற்பூரம் ஏற்றினார். ஜன்னலில் என்னைக் கண்டுபிடித்த ஒரு பெரியவர், "சுயம்புங்களா?" என்றார். "சிமென்டுங்க" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கண்ணை மூடிக் கும்பிட ஆரம்பித்துவிட்டார்.

மச்சான் அந்த வரிசையில்தான் வந்தார். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டதால், சுத்தியல் பையோடு கூட்டத்தில் நடந்து வந்திருக்கிறார். விபூதியைத் தொட்டு நெற்றியில் இட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பியவர் கதவைப் பார்த்தார். வாசலில் தங்கச்சியைப் பார்த்தார். மெல்ல விரலை மடக்கிப் புடைப்பைத் தட்டினார். 'டொக்' என்றது.

"மாப்ள... இது நீங்க பூசினதா?"

"கும்புட்டது கும்புட்டதுதான் மச்சான்."

அவர் சுத்தியலை எடுக்க, மனைவி குறுக்கே வந்தாள். "அண்ணா, அதுல கை வெக்காத. கற்பூரம் ஏத்திட்டாங்க."

மறுநாள் மச்சான் கரணையோடு மலையைச் சுற்றி வந்தார். மீதிச் சுவர் கண்ணாடி மாதிரி ஆனது.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், "மாப்ள, அந்த ஃபேன்..." என்று ஆரம்பித்தார்.

"அது இருக்கட்டும் மச்சான். எங்க சுவத்துல என்ன வேண்டிக்கினீங்க?" என்றேன்.

மச்சான் ரசம் கேட்டார்.